இந்த வருஷம் வீட்டு முன்னால் ஸ்டார் கட்டலாமா?

கேள்வி: நான் மார்த்தாண்டத்துக்கு அருகே வசிக்கும் பள்ளி ஆசிரியை. சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். என் கணவர் இரண்டு வருஷமாக வேறொரு ஜெபக்கூட்டத்துக்குப் போகிறார். கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் புறஜாதியாரிடமிருந்து வந்த பண்டிகைகள் என்றும், வேதத்தில் கட்டளை இல்லாத நாளைக் கொண்டாடுவது பாவம் என்றும் அங்கே போதிக்கிறார்கள். இந்த வருஷம் வீட்டில் ஸ்டார் கட்டக்கூடாது, குடில் வைக்கக்கூடாது, கேரல் குழுவை உள்ளே விடக்கூடாது, பலகாரம் செய்யக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். ஓணத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த பாயசத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னார். மாமியார் தினமும் அழுகிறார். எட்டு வயது மகன் சபை நிகழ்ச்சியில் மேய்ப்பனாக நடிக்கப் பெயர் கொடுத்திருக்கிறான். இத்தனை காலம் நாங்கள் செய்தது பாவமா? நான் கணவருக்குக் கீழ்ப்படிவதா, பெற்றோர் காட்டிய வழியில் நிற்பதா?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

நீங்கள் செய்தது பாவம் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கேள்வியைவிடப் பயம் அதிகமாகத் தெரிகிறது. முப்பது ஆண்டுகளாகச் சபைப் பணியிலும் குடும்ப ஆலோசனையிலும் இருக்கிறேன். இதே கேள்வியோடு என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வேத வசனம் தெரியாமல் இல்லை. வீட்டில் இரண்டு பேரும் வசனத்தோடு நின்றார்கள், இரண்டு பேருக்கும் தூக்கம் போயிருந்தது.

உங்கள் கணவர் சொல்வதைக் கள்ளப்போதகம் என்று யாராவது உங்களிடம் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். கிறிஸ்துமஸ் வேண்டாம் என்று சொன்ன கிறிஸ்தவர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறார்கள். ஸ்காட்லாந்தின் சீர்திருத்தச் சபை 1560லேயே இந்தப் பண்டிகைகளை விலக்கியது. அந்த நாட்டில் டிசம்பர் 25 அரசு விடுமுறையானது 1958இல்தான். இங்கிலாந்தில், வேதத்தில் இல்லாத சடங்குகளைச் சபையிலிருந்து நீக்க வேண்டும் என்ற பியூரிட்டன்கள் கையோங்கியிருந்த நாடாளுமன்றம் 1647இல் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், பெந்தெகொஸ்தே ஆகிய மூன்று பண்டிகைகளையும் ஒழித்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் 1659இலிருந்து 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடியவருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் இருந்தது. நம் குமரி மாவட்டத்துக்கு மிஷனெரிகளை அனுப்பிய லண்டன் மிஷன் சங்கத்தைத் தாங்கி நின்றவையும் பெரும்பாலும் அந்தப் பியூரிட்டன் மரபின் வழிவந்த சபைகளே. ஆகவே உங்கள் கணவர் கேட்கும் கேள்வி நம் சபையின் பாட்டன் வீட்டிலேயே கேட்கப்பட்ட கேள்வி. அதற்குரிய மரியாதையோடு அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 25 சூரிய தேவனின் நாள் என்பதுதான் இதில் அடிக்கடி சொல்லப்படும் வாதம். கி.பி. 274இல் அவுரேலியன் என்ற ரோமப் பேரரசன் வெல்லப்படாத சூரியனுக்குக் கோயில் எடுத்தான் என்பது உண்மை. ஆனால் டிசம்பர் 25 சூரியனின் பிறந்தநாள் என்று சொல்லும் மிகப் பழைய ஆவணமும், அதே நாளைக் கிறிஸ்துவின் பிறப்பு நாளாகக் குறிக்கும் மிகப் பழைய ரோம ஆவணமும் ஒன்றேதான், அது கி.பி. 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு பஞ்சாங்கம். யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று அதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. இதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. இயேசு சிலுவையில் மரித்தது மார்ச் 25 என்று மேற்கத்திய சபையில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அவர் கருவில் உருவானதும் அதே நாளில்தான் என்று எண்ணி, அதிலிருந்து ஒன்பது மாதம் கூட்டி டிசம்பர் 25க்கு வந்தார்கள் என்பது அந்த விளக்கம். ஆர்மேனியச் சபை இன்றும் ஜனவரி 6 அன்றுதான் பிறப்பைக் கொண்டாடுகிறது. இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை; நாம் ஆசரிப்பது அவர் பிறந்தார் என்ற செய்தியை. ஈஸ்டர் என்பது இஷ்டார் என்ற பாபிலோனிய தேவதையின் பெயர் என்று சொல்வதும், கிறிஸ்துமஸ் ஆதியாகமத்தில் வரும் நிம்ரோத் ராஜாவின் பிறந்தநாள் என்று சொல்வதும் வரலாற்றில் நிற்காதவை. இப்படிப்பட்ட கதைகளைப் பரப்பியதில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்துப் போதகர் ஒருவர் எழுதிய நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஈஸ்டர் ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். பெரும்பாலான மொழிகளில் அந்தப் பண்டிகைக்குப் பஸ்கா என்பதன் ஏதோ ஒரு வடிவமே பெயர். நம் ஊர்க் கத்தோலிக்கர் இன்றும் பாஸ்கா என்கிறார்கள்.

ஒருவேளை ஒரு நாளோ ஒரு வழக்கமோ முன்பு வேறொருவரிடம் இருந்ததாகவே வைத்துக்கொள்வோம். அதனால் அது இன்றும் அவருடையதாகிவிடுமா? வாரந்தோறும் நாம் ஆராதிக்கும் நாளுக்கு ஞாயிறு என்றுதான் பெயர். ஞாயிறு என்றால் சூரியன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவர் எவரும் சூரியனைக் கும்பிடப் போவதில்லை. தேவன், வேதம், பண்டிகை ஆகிய சொற்களெல்லாம் நமக்கு முன்பே இந்த மண்ணில் வேறு பொருளில் வழங்கியவை. நம் முன்னோர் அவற்றை எடுத்துச் சுவிசேஷத்தைச் சொன்னார்கள். உங்கள் திருமணத்தில் நம் ஊர் வழக்கப்படி உங்கள் கணவர் உங்கள் கழுத்தில் தாலி கட்டியிருப்பார். வேதத்தில் தாலி கிடையாது. அதில் சிலுவையைப் பொறித்து, ஜெபித்து, சபை முன்னிலையில் அவர் அதைக் கட்டியபோது அது கிறிஸ்தவத் தாலியானது. இதைச் சண்டைக்கு எடுக்காதீர்கள். பொருள் இருக்கும் இடத்தால் மாறுகிறது என்பதை அவரே ஒருமுறை தன் கையால் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இனி வேதத்துக்கு வருவோம். கட்டளையில்லாத பண்டிகையை ஆசரிப்பது பாவம் என்றால், யோவான் 10ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவரையே என்ன சொல்வது? எருசலேமில் பிரதிஷ்டைப் பண்டிகை நடந்த மாரிகாலத்தில் அவர் தேவாலயத்தில் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவிக்கொண்டிருந்தார் என்று அங்கே எழுதியிருக்கிறது. அந்தப் பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. யூதரின் எழுச்சியை நடத்திய மக்கபேயர் காலத்தில், கிறிஸ்துவுக்கு முன் 164இல், தீட்டுப்பட்டிருந்த ஆலயத்தைச் சுத்திகரித்த நன்றியில் யூதர்கள் தாங்களாக ஏற்படுத்திக்கொண்ட பண்டிகை அது. ஆண்டவர் அதைக் கண்டிக்கவில்லை, அந்த நாட்களில் ஊரைவிட்டு விலகியும் போகவில்லை. எஸ்தர் புத்தகத்தின் பூரீம் பண்டிகையும் அப்படித் தோன்றியதுதான். எரேமியா 10இல் காட்டில் வெட்டி வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கப்படும் மரம், தச்சன் செதுக்கும் விக்கிரகம். கிறிஸ்துமஸ் மரத்தை அதற்குள் கொண்டுபோய் வைப்பது வசனத்துக்குச் செய்யும் நியாயம் அல்ல.

உங்கள் கணவர் காட்டக்கூடிய வசனங்களில் எடையுள்ளது கலாத்தியர் 4:10. "நாட்களையும், மாதங்களையும், காலங்களையும், வருஷங்களையும் பார்க்கிறீர்களே" என்று பவுல் வருந்துகிறார். அங்கே அவர் பேசுவது, நாளை ஆசரித்தால்தான் தேவனுக்குமுன் நீதிமான் ஆவோம் என்று நம்பியவர்களிடம். அதே பவுல் ரோமர் 14இல், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், மற்றவன் எல்லா நாட்களையும் சமமாக எண்ணுகிறான் என்று இருவரையும் வைத்துவிட்டு, "அவனவன் தன்தன் மனதிலே முழுநிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்" என்கிறார். நாளை விசேஷிக்கிறவனும் கர்த்தருக்கென்றே செய்கிறான், விசேஷிக்காதவனும் கர்த்தருக்கென்றே விடுகிறான் என்பது அங்கே அவர் சொல்லும் முடிவு. இதில் உங்கள் கணவருக்கும் இடம் உண்டு, உங்களுக்கும் இடம் உண்டு. கிறிஸ்துமஸ் கொண்டாடாமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. கொண்டாடுகிறவரைப் பாவி என்று தீர்க்கும் உரிமை அவருக்கு இல்லை. பண்டிகைநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக்கூடாது என்று கொலோசெயர் 2:16 நேராகவே சொல்கிறது. அதுபோலவே, கொண்டாடாதவரை விசுவாசத்தில் குறைந்தவராக எண்ண உங்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் உரிமை இல்லை.

என் சொந்த எண்ணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். வருஷத்தில் ஒரு முறையாவது, தேவன் மனிதனாகி மாட்டுத்தொழுவத்தில் கிடந்தார் என்ற ஒன்றையே ஒரு சபை முழுவதும் பாடி, வாசித்து, குழந்தைகளை நடிக்கவைத்து நினைத்துப் பார்ப்பது நல்லது. அதை இழந்த சபைகள் வறியவையாகின்றன என்று நான் நம்புகிறேன். ஆயினும் உங்கள் கணவரின் மனக்கசப்புக்கு நாமும் காரணம் கொடுத்திருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். டிசம்பர் முதல் வாரத்திலேயே ஊருக்கு ஊர் போட்டிபோட்டுக் கட்டும் சீரியல் பல்பு, நடுராத்திரி வரை ஓடும் ஒலிபெருக்கி, நோயாளி இருக்கும் வீட்டு முன்னாலும் நிற்காத டிரம்ஸ், வட்டிக்கு வாங்கி எடுக்கும் புதுத்துணி, இருபத்தைந்தாம் தேதி மத்தியானம் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடக்கும் ஆண்கள் ஆகிய இவற்றைப் பார்த்த ஒருவர், இது யாருடைய பண்டிகை என்று கேட்டால் அதில் தவறு இல்லை. அவர் அப்படிக் கேட்கும்போது, "நீங்கள் சொல்வதில் இவ்வளவும் சரி" என்று முதலில் சொல்லுங்கள். மற்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகு எளிதாகும்.

பாயசத்தைப் பற்றிச் சற்று நீட்டியே எழுத வேண்டியிருக்கிறது. இதில் நான் தவறு செய்தவன்.

என் முதல் சபை கல்குளம் தாலுக்காவில் ஒரு சிற்றூர். ஓணத்துக்கு முந்தைய ஞாயிறு, புறஜாதிப் பண்டிகையின் பதார்த்தத்தைத் தொடக்கூடாது என்று இருபத்தேழு வயது வேகத்தில் பிரசங்கித்தேன். சபையில் விதவைத் தாய் ஒருவர் இருந்தார். அவருக்கும் அடுத்த வீட்டு இந்துக் குடும்பத்துக்கும் நாற்பது வருஷப் பழக்கம். திருவோணத்தன்று மத்தியானம் அந்த வீட்டுப் பெண்பிள்ளை, பித்தளைத் தூக்குவாளியில் அடைப்பிரதமன் பாயசம் ஊற்றி, வாழையிலைக் கீற்றால் மூடிக் கொண்டுவந்திருக்கிறாள். என் பிரசங்கத்தைக் கேட்டிருந்த அந்தத் தாய், வாளியை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த டிசம்பரில் இவர் வழக்கம்போல முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தட்டில் வைத்துத் துணி மூடி அனுப்பினார். மூடிய துணியின் முடிச்சுக்கூட அவிழாமல் தட்டு திரும்பி வந்தது. "போதகரே, நான் சரியாத்தானே செய்தேன்?" என்று அவர் என்னிடம் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தாய் இன்று இல்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வீட்டுக்கும் போய்க் கேட்டேன். ஆனால் அந்த இரண்டு வீட்டுக்கும் இடையில் தட்டு போய்வருவது அதன் பிறகு நடக்கவே இல்லை.

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தை அன்று நான் ஒழுங்காக வாசித்திருந்தால் அப்படிப் பிரசங்கித்திருக்க மாட்டேன். விசுவாசியல்லாத ஒருவர் விருந்துக்கு அழைத்து, உனக்கும் போக மனமிருந்தால், முன்னால் வைத்ததை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார் பவுல். இது படைக்கப்பட்டது என்று ஒருவர் சொல்லித் தெரிந்தால் மட்டும், சொன்னவரின் மனச்சாட்சிக்காகச் சாப்பிடாமல் இரு என்கிறார். பக்கத்து வீட்டு அடுக்களையில் காய்ச்சி, உங்கள் பிள்ளையை நினைத்து எடுத்துவரும் பாயசம் அன்பின் பங்கு; அதை இரண்டு கையாலும் வாங்குங்கள். கோயிலில் படைத்த பிரசாதம் என்று சொல்லித் தந்தால், "அக்கா, இதைச் சாப்பிட எங்கள் விசுவாசம் இடங்கொடுக்காது, தவறாக நினைக்காதீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள்" என்று நேரடியாகச் சொல்லலாம். நம் மாவட்டத்து இந்துக்கள் இதைக் கேட்டுப் பழகியவர்கள், கௌரவமாகவே எடுத்துக்கொள்வார்கள். 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி இந்துக்களும் கிறிஸ்தவர்களுமாக ஒரே வேலிக்கு இருபுறமும் வாழும் இந்த மாவட்டத்தில், தட்டும் தூக்குவாளியும் போய்வருவதை நான் சின்னக் காரியமாக நினைப்பதில்லை.

நம் முன்னோர் இந்துப் பண்டிகைகளிலிருந்து ஏன் அவ்வளவு கண்டிப்பாக விலகினார்கள் என்பதையும் உங்கள் மாமியாரும் கணவரும் தெரிந்துகொள்வது நல்லது. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் 1936 வரை கோயிலுக்குள் நுழைய முடியாது. ஆனால் அந்தக் கோயில்களின் காரியங்களுக்குக் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்கு ஊழியம் என்று பெயர். இன்று நாம் போதகப் பணிக்குச் சொல்லும் அதே சொல்தான். கர்னல் மன்றோ திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, இருந்த காலத்தில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையிலும் கோயில் சம்பந்தமான வேலைகளிலும் ஊழியம் செய்ய வேண்டியதில்லை என்ற விலக்குக் கிடைத்தது. மயிலாடியில் 1806இல் லண்டன் மிஷன் சங்கத்தின் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்து தொடங்கிய பணியின் முதல் தலைமுறைக்கு, ஒரு நாளைத் தன்னுடைய நாளாக வைத்துக்கொள்வதே விடுதலையாக இருந்தது. திருவிழாவை மறுத்தது அவர்களுக்கு உபதேசம் மட்டும் அல்ல, மானமும்கூட. அந்த மறுப்பை நான் வணங்குகிறேன். ஆனால் கட்டாய வேலைக்கு இழுத்த கைக்குச் சொன்ன மறுப்பை, இன்று பாயசம் நீட்டும் கைக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் ஆசிரியை என்பதால், கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஜனவரியில் பள்ளியில் பொங்கல் வைக்கும்போது இதே கேள்வி உங்கள்முன் வரும். நாஞ்சில் நாட்டு வயலில் கன்னிப்பூ என்னும் முதல் போக அறுப்பு ஆவணி, புரட்டாசியிலும் கும்பப்பூ என்னும் இரண்டாம் போக அறுப்பு மாசியை ஒட்டியும் வருவதால், தை முதல் நாள் நம் மண்ணுக்குச் சரியான அறுவடை நாளும் அல்ல. ஆயினும் விளைச்சலுக்கு நன்றி சொல்வது எந்தக் கிறிஸ்தவனுக்கும் அந்நியம் இல்லை. நம் சபைகளில் அறுப்பின் பண்டிகைக்கு வாழைக்குலையும் தேங்காயும் சேனையும் கொண்டுவந்து ஏலம் விடுகிறோமே. பானை பொங்கும்போது பிள்ளைகளோடு நில்லுங்கள், அரிசி அள்ளிப் போடுங்கள், சாப்பிடுங்கள். சூரியனுக்குப் படைத்துக் கும்பிடும் நேரத்தில் கைகூப்பாமல் அமைதியாக நின்றால் அது போதும். தன் எஜமானன் ரிம்மோன் கோவிலில் பணியும்போது தானும் குனிய நேர்வதைப் பற்றி சீரியப் படைத்தலைவன் நாகமான் கேட்டதற்கு, "சமாதானத்தோடே போ" என்றுதான் எலிசா சொன்னார். அந்தத் தையை ஒட்டிய ஜனவரி 14 தான், கிறிஸ்தவ விசுவாசத்தை விட மறுத்து 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் நாளும். எது விசுவாசத்தை மறுதலிப்பது, எது ஊரோடு சேர்ந்து நிற்பது என்பதை அறிய அவரைப்போன்ற சாட்சி நமக்கு வெகு தூரத்தில் இல்லை.

கீழ்ப்படிதல் பற்றிக் கேட்டீர்கள். மனைவிகளுக்குச் சொன்ன எபேசியர் 5:22ஐ வாசிக்கிறவர்கள், அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்வதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். வீட்டு முன்னால் ஸ்டார் கட்டுவதும் ஹாலில் குடில் வைப்பதும் உங்கள் இருவருக்கும் பொதுவான இடத்தில் நடப்பவை. அவருடைய மனச்சாட்சி உண்மையாகவே உறுத்துகிறதென்றால், இந்த ஒரு வருஷம் அவற்றை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். அதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஆராதனைக்குப் போவதும், மகன் மேய்ப்பனாக நடிப்பதும், மாமியார் சிறுபயறு வறுத்து முந்திரிக்கொத்து பிடிப்பதும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை அவர் தடுக்கக்கூடாது. கேரல் குழு வரும் இரவில் அவர் உள்ளே இருக்கட்டும், நீங்களும் மாமியாரும் வாசலில் நின்று பாட்டைக் கேளுங்கள். பழைய சபையின் பெரிய போதகரான அகுஸ்தீன் தன் தாய்க்காக மிலான் ஆயர் அம்புரோசிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: சனிக்கிழமை உபவாசம் இருப்பதா வேண்டாமா? ரோமில் இருக்கும்போது இருக்கிறேன், மிலானில் இருக்கும்போது இருப்பதில்லை, நீ போகும் சபையின் வழக்கத்தைக் கைக்கொள் என்றார் அம்புரோஸ். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு சபை இருக்கும் உங்களுக்கு இது இன்னும் கடினம் என்பது எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் அவரிடம் டிசம்பரில் பேசாதீர்கள். இந்த வாரமே, பிள்ளை தூங்கிய பிறகு, மாமியார் இல்லாத நேரத்தில் பேசுங்கள். வசனத்தில் தொடங்காமல், "நீங்கள் சிறுவயதில் கொண்டாடிய கிறிஸ்துமஸில் உங்களுக்கு எது பிடிக்காமல் போனது?" என்று கேளுங்கள். பல ஆண்களிடம் இந்தக் கேள்விக்குப் பின்னால் குடித்துவிட்டு வந்த ஒரு தகப்பனோ, புதுத்துணி கிடைக்காத ஒரு வருஷமோ இருப்பதைக் கண்டிருக்கிறேன். மகனிடம், "அப்பா இயேசுவை வேறு விதமாக ஆராதிக்கிறார், நாம் இப்படி ஆராதிக்கிறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்பா தவறு என்று அவன் காதில் விழ வேண்டாம். நிகழ்ச்சியன்று வந்து பின்வரிசையில் உட்கார்ந்து பையனைப் பார்க்க முடியுமா என்று அவரிடம் ஒரு முறை கேளுங்கள், வற்புறுத்த வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும், நீங்கள் சபைக்கே போகக்கூடாது என்றோ, தாயிடம் பேசக்கூடாது என்றோ அவர் தடுத்தால், அல்லது கை ஓங்கினால், அது பண்டிகையைப் பற்றிய கேள்வி அல்ல. அப்போது பொறுத்துப் பார்க்காமல் உங்கள் போதகரிடமும் பெற்றோரிடமும் அன்றே சொல்லுங்கள், எனக்கும் எழுதுங்கள்.